அம்புக்கு எதிராக ஒரு சுற்று

பர்மாவில், பபேடான் பேட்டையில் எங்கள் வீடு நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் காலத்துக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. அதற்குப் பதில் பால்கனியிலிருந்து தெருவரை ஒரு கயிறு தொங்கும். கீழ் முனையில் ஒரு கிளிப், மேல் முனையில் ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு ஓர் இழுப்பு இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு.

இதயக் குழாயில் அடைப்பெடுத்து வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் அந்தக் கயிறே கதி என்று கிடந்தார். காய்கறி கயிற்றில் வந்தது, மாத்திரை கயிற்றில் வந்தது. எதிர்க் கடையிலிருந்து தேநீர்கூடப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு ஏறி வந்தது. மீன்காரியோடு நாலு மாடி உயரத்திலிருந்து பேரம் பேசுவார், தெருவே அண்ணாந்து பார்க்கும். எனக்கு மானம் போகும். ஒருநாள் உங்களையும் கிளிப்பில் மாட்டி இறக்கிவிடப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "யாபாடே" என்றார். பரவாயில்லை என்பதற்குப் பர்மியச் சொல் அது. எங்கள் தமிழில் எப்போதோ ஒட்டிக்கொண்டது. அவர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நடக்கலாம், படியும் ஏறலாம், மூச்சு வாங்கினால் நிற்க வேண்டும், தனியாக மட்டும் போகக்கூடாது. அதற்கென்ன, நான் கூட வருகிறேன் என்றேன். மனிதர் அசையவில்லை. மழைக்காலம் முழுக்க ஒரு தடவைகூடத் தெருவில் கால் வைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைவிடக் கோபம், நான் கடைக்குப் போகப் புடவை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். எல்லாவற்றையும் ஏற்கெனவே கயிற்றில் வாங்கியாயிற்று என்பார். எனக்குக் கடைக்குப் போவது பிடிக்கும். போனால் ஏறும்போது அங்கங்கே நின்று கதை பேசலாம். முதல் மாடியில் பர்மாக்கார டீச்சர் இருந்தாள், இரண்டாவது மாடியில் தையல் வேலை செய்யும் முஸ்லிம் அம்மா இருந்தார். மூன்றாவது மாடிக்காரர்கள் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளையோடு மலேசியாவுக்குப் போய்விட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் என் தம்பி புதுப் பேச்சை ஆரம்பித்தான். அவன் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியினில் இருக்கிறான். மாடியில் அவன் குடும்பம், கீழ் வீட்டில் வாடகைக்காரர்கள். அவர்கள் காலி செய்யப் போகிறார்கள், நீங்கள் வந்துவிடுங்கள் என்றான். படி ஏற முடியாத மனிதரை நாலாவது மாடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம் என்று என்னைக் கேட்டான். இந்த நாலாவது மாடி வீட்டின் உள்ளறையில்தான் நான் பிறந்தேன். அவனும் அங்கேதான் பிறந்தான், ஆனால் அவனுக்கு வீடு என்றால் சுவரும் கூரையும். எனக்கு அப்படி இல்லை. அப்பா நகராட்சி வேலையில் சேர்ந்ததும் பிடித்த வீடு, எனக்குக் கல்யாணம் ஆனபோதுகூட மாப்பிள்ளைதான் வீட்டுக்கு வந்தாரே தவிர நான் வெளியே போகவில்லை. பால்கனியில் நின்றால் ஒரு பக்கம் கோயில் கோபுரமும் இன்னொரு பக்கம் பள்ளிவாசல் மினாராவும் தெரியும். இதை விட்டுவிட்டுத் தரைவீட்டில் போய் உட்கார என்னால் ஆகாது என்று கறாராகச் சொன்னேன். வருகிற பௌர்ணமிக்குள் முடிவு சொல், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அவனும் கறாராகச் சொன்னான்.

கடைசியில் ஒரு பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. ஊருக்கு வடக்கே, விமான நிலையத்தையும் தாண்டி, ஏரியும் காடுமாக ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு நடைபாதை உண்டு என்று தம்பிதான் முன்பு சொல்லியிருந்தான். ஒரு சின்னக் குன்றைச் சுற்றி வளைந்து, கிளம்பின இடத்துக்கே வந்து சேரும், சின்னப் பிள்ளைகள்கூட நடந்துவிடும் என்றான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர் அந்தச் சுற்றை முழுக்க நடந்து வந்துவிட்டால் நாங்கள் மாடி வீட்டிலேயே இருப்போம். முடியவில்லை என்று பாதியில் உட்கார்ந்துவிட்டால் தன்லியினுக்கு வருவோம். உலகத்திலேயே சுலபமான பாதையாகப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தேன் என்பதை இருவரிடமும் சொல்லவில்லை. அவர் மறுப்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். அவரோ கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினார்.

குளிர்காலத்தில் ஒரு காலை கிளம்பினோம். அவர் படியிறங்கும் செய்தி எப்படியோ பரவி, டீச்சரும் தையல்கார அம்மாவும் கதவைத் திறந்துகொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. அவர் சுவரைப் பிடித்தபடி எனக்கு முன்னால் இறங்கினார். தன் காலைப் பார்க்காமல் என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். முன்னால் பார்த்து இறங்குங்கள் என்று ஓர் அதட்டுப் போட்டேன். கீழே தம்பி காரில் காத்திருந்தான்.

பூங்கா வாசலில் பனி இன்னும் விலகவில்லை. ஒரு குரங்குக் கூட்டம் டிக்கெட் கொடுக்கும் பெண்ணைவிட அதிகாரமாக உட்கார்ந்திருந்தது. பாதை தொடங்கும் மேட்டில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. தம்பி அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனுக்கு அட்டைப்பூச்சி என்றால் பயம், ஆனால் முழங்கால் வலி என்று சொன்னான். பந்தயத்தின் நடுவர் அப்படித் தேநீர்க் கடையில் தங்கிவிட, போட்டியாளரும் நானும் மட்டும் நடந்தோம்.

பாதையின் தொடக்கத்தில் ஒரு பெரிய ஆலமரம். அதன் அடியில் காட்டுத் தேவதைக்குச் சின்னதாக ஒரு மர மாடம், உள்ளே ஒரு தேங்காயும் சிவப்புத் துணியும். பர்மாக்காரர்கள் நாட் என்று கும்பிடுகிற தேவதை. அவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பக்கத்துக் கம்பத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஓர் அம்பு, வலது பக்கம் போகச் சொல்லிற்று. அவர் இடது பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அம்பு கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். தெரிகிறது என்றார். கோயிலில் நுழைந்ததும் இடது பக்கம்தானே திரும்புவோம், சந்நிதி வலது கைப் பக்கம் வருகிற மாதிரி? இங்கேயும் குன்று வலது கைப் பக்கம் வர வேண்டும், சுற்றுவது என்றால் வலமாகத்தான் என்றார். இது கோயில் இல்லை, சும்மா காடு என்றேன். எழுதிப் போட்டவர்களுக்குத் தெரியாதா என்றேன். அவர் நின்றார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இடமா சுத்துனது ஒரே ஒரு தடவதான். எங்கப்பாவுக்குக் கொள்ளிக்குடம் தூக்குனப்ப."

நெஞ்சில் கத்தி படாமல் தப்பித்து வந்த மனிதரைப் போய், இடமாகச் சுற்று என்று யார் சொல்வது? பின்னாலேயே போனேன்.

பாதை மெல்லிய சரிவில் இறங்கியது. முதலில் என்னைத் தாக்கியது சத்தம் இல்லாததுதான். எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத நேரமே அதிகம், ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும், அதற்குள்தான் நாங்கள் பேசி, தூங்கி, சாமி கும்பிடுகிறோம். இங்கே அது அறுந்துபோயிருந்தது. காதில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு சருகு மிதிபடும் ஓசை கேட்டது. அவருடைய காலடி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் அதைத் தனியாக நான் கேட்டதே இல்லை. வலது காலை அழுத்தி, இடது காலைக் கொஞ்சம் தேய்த்து வைக்கிறார்.

வளைவைத் தாண்டியதும் மரங்கள் உயர்ந்தன. அவர் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்துக் காட்டினார். ஒரு ஆள் சாப்பாட்டைத் தாராளமாக அதில் பரிமாறலாம். தேக்கு என்றார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் கட்டில் தேக்கு, கதவு தேக்கு, நான் தினமும் ஏறி இறங்குகிற அத்தனை படிக்கட்டும் தேக்கு. ஆனால் உயிரோடு நிற்கிற தேக்கு மரத்தின் பக்கத்தில் அதுவரை நான் நின்றதில்லை. பட்டையில் கையை வைத்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. அண்ணாந்தேன், கழுத்து நோகும்வரை அண்ணாந்தும் உச்சி முழுதாகத் தெரியவில்லை. அங்கே வெயில் வந்துவிட்டிருந்தது, எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஓர் இலை காம்பை விட்டு, அவசரமே இல்லாமல் அசைந்தசைந்து வந்து, சொத்தென்று பக்கத்தில் விழுந்தது. ஓர் இலை விழுகிற சத்தத்துக்கு நான் திடுக்கிட்டேன் என்றால் நம்ப மாட்டீர்கள். இப்படி ஒன்று இத்தனை காலம் தானாக வளர்ந்து நின்றுகொண்டிருக்க, அதை அறுத்துப் போட்ட பலகையின்மேல் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம் நான் அடிக்கடி நின்றேன். நிற்க அவ்வளவு இருந்தது. மூங்கில் புதரில் காற்றுப் பட்டு ஒன்றோடொன்று உரசும் முனகல். ஈர மணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாகத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. இரண்டு மரங்களுக்கு நடுவே, பனித்துளி கோத்த ஒரு சிலந்தி வலை, எங்கள் வீட்டு ஜன்னல் அளவுக்கு. ஒவ்வொன்றுக்கும் நான் நிற்க, அவரும் நின்றார். ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டினார். பந்தயம் என் பக்கம் வந்துகொண்டிருந்தது, எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அம்புக்கு எதிராக நடந்ததால் வருகிறவர்கள் எல்லோரும் எங்களுக்கு நேர் எதிரே வந்தார்கள். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டார்கள். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசிய ஒரு பர்மாக்கார அம்மா மட்டும் நின்று, நீங்கள் தப்பான பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்று அக்கறையாகச் சொன்னாள். இவர் வலது கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டி, பகோடாக் கோயிலில் சுற்றுகிற மாதிரி சுற்றுகிறோம் என்று பர்மியத்தில் சொன்னார். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தானும் அப்படியே சுற்றியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கர்வம் இருந்தது.

அடுத்த வளைவில் அவர் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். பாதையிலேயே ஒரு கடமான் நின்றுகொண்டிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எல்லா மனிதர்களும் எந்தப் பக்கமிருந்து வருவார்களோ அந்தப் பக்கத்தையே காவல் பார்த்துக்கொண்டிருந்தது, பாவம். இப்படி இரண்டு பேர் பின்பக்கமாக வருவார்கள் என்று அது எதிர்பார்க்கவில்லை. எருமைக் கன்றைவிடப் பெரியது. ஈரத்தில் கறுத்த முதுகு ரோமத்திலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கொம்பின் ஒரு கிளையில் புல் சிக்கியிருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். எத்தனை நேரம் என்று தெரியாது. ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பிற்று. அப்புறம் தலை. எங்களை அது பார்த்தது. என்னை இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் யார், எந்த ஊர், எந்த ஜாதி, எந்தப் பாஷை, எதுவுமே அந்தப் பார்வைக்குத் தேவைப்படவில்லை. பிறகு அது புதருக்குள் போய்விட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, காலடியில் அவ்வளவு சருகு, ஒரு சத்தமும் வரவில்லை.

எனக்குக் கால் நடுங்கியது. அது பயத்தால் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச தூரத்தில் பாதை ஏரிக்கரையைத் தொட்டது. அங்கே ஒரு மர பெஞ்சு இருந்தது. உட்காரு என்றார், உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஒரு பெரிய பெருமூச்சு விட்டுவிட்டு, தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"இந்தா பாரு, இனிமே என்னால..."

பாதிக்கு மேல் வந்துவிட்டோம், மனிதர் தோற்றுப்போகப் போகிறார், வீடு போயிற்று என்று நினைத்தேன். வாயைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் ஏரி எழுந்தது.

வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீரில் பாதிக்குப் பழுப்பாக ஏதோ பாசி படர்ந்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். மேலே ஒரு பருந்தின் நிழல் போயிற்று. அந்தப் பாசி மொத்தமும் ஒரே மூச்சில் தண்ணீரை உதறிவிட்டு மேலே கிளம்பியது. எல்லாம் பறவைகள், சிறு வாத்துகள். எல்லா மொட்டைமாடியிலும் ஒரே நேரத்தில் ஈரப் புடவைகளை உதறின மாதிரி ஒரு சத்தம், அதற்குமேல் ஆயிரக்கணக்கான சீழ்க்கை. நாங்கள் இருந்த இடம் சட்டென்று இருண்டது. இறக்கைக் காற்று முகத்தில் பட்டது, தண்ணீர்த் துளி உதட்டில் விழுந்தது. அவை ஏரியின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பியபோது வெயில் பட்டு அத்தனையும் பொன் நிறமாயின, மறுபடி திரும்பியபோது கறுத்தன. நான் எழுந்து நிற்கிறேன் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தேன். துக்கமும் இல்லை, பக்தியும் இல்லை, என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய விஷயம் பஸ் போகிற தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்றுதான் இருந்தது.

அவர் பெஞ்சில் இல்லை. கரையோரம் போய், லொங்ஜியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்போடு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் கோயில் வாசலில் முதல் தடவை நான் பார்த்த அதே முகம்.

"பாரு, அதுங்களும் வலமாத்தான் சுத்துது" என்றார்.

உண்மைதான். ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, வந்த இடத்திலேயே ஒவ்வொன்றாக இறங்கி, மறுபடி பாசியாகிவிட்டன.

என்னவோ சொல்ல வந்தீர்களே என்று நான் கேட்கவில்லை. கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா? அவருக்கும் அது ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. ஈரச் செருப்பு சளக் சளக்கென்று அடிக்க, எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நடந்துகொண்டே பறவைகளைப் பற்றித் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார். நான் பின்தங்கினேன்.

பாதை ஏரியை விட்டுத் திரும்பியதும் எதிரே படிகள் நின்றன. குன்றின் செங்குத்தான சரிவில் மண்ணை வெட்டி, மரக்கட்டை பதித்து, மேலே மேலே போகும் படிகள். உச்சியில் அந்த ஆலமரத்தின் தலை தெரிந்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அம்பு சொன்னபடி வந்திருந்தால் முதலிலேயே இந்தப் படிகளில் சுகமாக இறங்கி, ஏரியைப் பார்த்துவிட்டு, அந்த மெல்லிய சரிவில் நோகாமல் ஏறி வந்திருப்போம். அம்பு போட்டவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. வலமாகச் சுற்றிய புண்ணியவான்களுக்குக் கடைசியில் நாலு மாடி. திரும்பிப் போகலாம் என்றால் சுற்று முழுவதும் மறுபடி நடக்க வேண்டும்.

அவர் படிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏற ஆரம்பித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி நின்று நின்று, ஆனால் ஒரு தடவைகூட உட்காராமல் ஏறினார். நான் கீழே நின்றபடி, பரீட்சை எழுதும் பிள்ளையைப் பெற்றவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிப் படியில் அவர் கால் வைத்ததும் எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வீடு தப்பித்தது. கோபுரம், மினாரா, கயிறு, மணி, எல்லாம் தப்பித்தன.

பிறகு நான் ஏறினேன். முதல் சில படிகள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வலது முழங்காலுக்குள் ஏதோ நழுவி இறுகிக்கொண்டது. அது எனக்குப் பழக்கமானதுதான், கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். நின்றேன். விடவில்லை. இன்னொரு காலை வைத்துப் பார்த்தேன், அதுவும் அதே பதிலைச் சொன்னது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து என்ன என்று கேட்டார். எறும்பு பார்க்கிறேன் என்றேன். உண்மையிலேயே பக்கத்தில் எறும்பு வரிசை ஒன்று போய்க்கொண்டிருந்தது.

அவர் இறங்கி வந்தார். வந்து எனக்குப் பக்கத்தில், அதே படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் எறும்பைப் பார்த்தார்.

"வலிக்குதா?"

கால் மரத்துவிட்டது, பனி, பழக்கமில்லாத நடை என்று ஏதேதோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நீ படியேறுற சத்தம் எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு மாடியிலயும் நிக்கிற. மூணாவது மாடியில ரொம்ப நேரம் நிக்கிற. அங்கதான் பூட்டிக் கெடக்கே, யாருகூடப் பேசுற?"

நான் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன்.

"நான் கீழ எறங்குனா நீயும் கூட எறங்குவ. மறுபடி ஏறணும். அதான் எறங்கல" என்றார். எறும்பு வரிசையின் குறுக்கே விழுந்திருந்த ஒரு குச்சியை எடுத்து ஓரமாகப் போட்டார். "இன்னிக்குப் பாதியில உக்காந்துட்டு, முடியலன்னு சொல்லிரலாம்னுதான் வந்தேன். சொல்லவும் ஆரம்பிச்சேன். அந்தப் பறவைங்க எந்திரிச்சதுல மறந்துபோச்சு."

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை மாசம் என்னை ஏமாற்றியிருக்கிறார். சோம்பேறி, பயந்தாங்கொள்ளி, கயிற்றில் தொங்குகிற வௌவால் என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் யாபாடே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். என் காலுக்கு ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காகவே ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடைக்குப் போய் வந்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் அவரைப் பார்த்தேன். காலையிலிருந்து மரத்தைப் பார்த்த மாதிரி, மானைப் பார்த்த மாதிரி, இவரைப் பார்த்தேன். நரைத்த மீசை, நனைந்த லொங்ஜி, சேறு அப்பிய செருப்பு. இந்த ஆளோடுதான் இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து எழுந்திருக்கிறேன். மாடிப்படியில் நான் நிற்கிற ஒவ்வொரு இடத்தையும் எண்ணிக்கொண்டு ஒருத்தர் மேலே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியவே இல்லை.

கையைக் கொடுத்தார். பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து, குழந்தைகள் ஏறுகிற மாதிரி ஏறினோம். எனக்காக நிற்பதா, தனக்காக நிற்பதா என்று தெரியாதபடி அவரும் நின்று நின்று வந்தார். ஆலமரத்தடியில் வந்து நின்றபோது அந்த மாடத்தின் முன்னால் இருவரும் சேர்ந்தே செருப்பைக் கழற்றினோம்.

தம்பி தேநீர்க் கடையிலிருந்து எழுந்து வந்தான். என்ன அத்தான், சுற்று முடிந்ததா என்று கேட்டான். அவர் என் கையை விட்டுவிட்டுச் சட்டென்று தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். என்னால் ஆகவில்லை, படியில் உட்கார்ந்துவிட்டேன், அக்காதான் பிடித்து ஏற்றிக் கொண்டுவந்தாள் என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். அவ்வளவு அழகாகப் பொய் சொல்வார் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று தம்பி என் பக்கம் திரும்பினான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் உங்களால்தான் நான் பிறந்த வீட்டை விட்டேன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்காட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எனக்குக் கொடுக்க நினைத்தது அதைத்தான். வீட்டை விடுகிற வலி எனக்கு இருக்கும், அதற்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளாகத் தானே இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

"பொய் சொல்றாரு" என்றேன். "அவரு ஒத்தையா மேலவரைக்கும் ஏறிட்டாரு. உக்காந்தது நான். எனக்குத்தான் முட்டி போச்சு. கீழ் வீட்டுக்கு நாங்க வர்றோம்."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.